சாப்பாட்டு அறைக்கு அடியில் ஓடிய ஓடை

மலைத்தோட்டம் என்றதும் உங்களில் பலருக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். நம் பேரப்பிள்ளைகளுக்கு அது விடுமுறையில் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வரும் இடம். நான் சொல்லப்போவது அதற்கெல்லாம் முந்தைய சங்கதி. பாபநாசத்துக்கு மேற்கே, தாமிரபரணியில் வந்து சேரும் ஓர் ஆற்றங்கரை வழியே ஏறிப்போனால் ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தி, ஒன்பது வயதில், நான் அங்கே குடியிருந்தேன்.

அப்பா அந்தத் தோட்டத்து ரைட்டர். சொந்த ஊர் சேரன்மகாதேவி. பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் படித்தவர். துரைக்குத் தமிழ் வராது. கங்காணிக்கும் வேலையாட்களுக்கும் இங்கிலீஷ் வராது. அதனால் மலையில் யார் வாயிலிருந்து எந்தச் சொல் புறப்பட்டாலும் அது அப்பா வழியாகத்தான் அடுத்தவர் காதுக்குப் போகவேண்டும். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தோட்டத்தின் கதை நான் கேள்விப்பட்ட வரையில் இதுதான். முதல் துரை ஒருவர் காட்டை வெட்டிக் காப்பி போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகக் காய்த்தது. பிறகு இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் வந்து பாதித் தோட்டத்தைத் தின்றுவிட்டது. நோய் தின்ற இடத்தில் சாதிக்காயும் ஏலமும் வைத்துப் பார்த்தார்கள். மேற்குச் சரிவில் தப்பின காப்பியை நிழல் மரம் வைத்துக் காப்பாற்றினார்கள். முதல் துரை அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். காப்பி காயவைக்கும் களத்துக்குப் பின்னால் அவருடைய கல்லறை இருந்தது. அதற்குப் பின் மூன்று நான்கு துரைமார் கைமாறி, நாங்கள் போனபோது இருந்தவர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிவந்த மனிதர். கோபம் வந்தால் இன்னும் சிவப்பார்.

ஆனால் பங்களா முதல் துரை கட்டினது. மலை இடுப்பில் துருத்திக்கொண்டு நின்ற ஒரு மேட்டைச் சமப்படுத்தி அதன்மேல் எழுப்பியிருந்தார். அடித்தளம் ஆள் உயரத்துக்குக் கருங்கல். கல் ஆற்றிலிருந்து வந்தது. சுண்ணாம்பு கடற்கரைச் சிப்பியைச் சுட்டது; மலையடிவாரம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து தலைச்சுமையாக ஏறியதாம். தூண்களும் உத்தரமும் அதே மலையில் விழுந்த கோங்கு மரம். கூரை முதலில் புல்லாக இருந்து, பிறகு மலையாளத்துப் பக்கமிருந்து ஓடு வந்தது. சுவரை நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். கன்னத்தை வைத்தால் பீங்கான் தட்டில் வைத்தது மாதிரி சில்லென்றிருக்கும். முன்கதவுக்கு மேலே சிவப்பும் நீலமுமாக விசிறி வடிவத்தில் கண்ணாடி. காலை ஒன்பது மணிக்கு அந்தச் சிவப்பு வந்து நடைக்கூடத்துத் தரையில் விழும். நான் அதில் கையை நீட்டிப் பார்ப்பேன். முன் வராந்தாவில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுதும் தெரியும், வயல், ஆறு, மறுபடி வயல். தெளிந்த நாளில் கோவில் கோபுரம்கூடத் தெரியும் என்பார்கள். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பின்னால் மலையிலிருந்து ஒரு ஓடை நேரே அந்த மேட்டை நோக்கித்தான் வரும். முதல் துரை அதை விலக்கவில்லை. வீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டார். பின்புறத்தில் குனிந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கல்வாய். உள்ளே இரண்டு பக்கமும் கல்லடுக்கி, மேலே பலகைக்கல் மூடிய ஓடை. அது சாப்பாட்டு அறைத் தரைக்கு அடியில் ஓடி, முன்பக்கத் தோட்டத்தில் வெளியே வரும். மழை பெய்த நாளில் சாப்பாட்டு அறையில் நின்றால் உள்ளங்காலில் ஒரு அதிர்வு இருக்கும். பக்கத்து அறையில் நாலைந்து பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது மாதிரி சத்தம் கேட்கும்.

பங்களாவுக்குக் கீழே, தெற்கே தள்ளி, வேலையாட்களின் லயங்கள் இரண்டு. மண்சுவர், ஒரே நீளக்கூரை, தடுத்துத் தடுத்துப் பத்துப் பத்து அறை. இரண்டாம் லயத்தின் கடைசி அறையில்தான், தாய்மார்கள் பழம் பறிக்கப் போகும்போது குழந்தைகளைத் தூளியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கிழவி காவல். எங்கள் வீடு களத்துக்குப் பக்கத்தில், காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கியை ஒட்டி. பழத்தோல் புளிக்கிற வாடை எங்கள் துணியிலும் சோற்றிலும்கூட இருக்கும்; ஊருக்குப் போனால் அத்தை மூக்கைப் பொத்துவாள்.

துரையின் மனைவி துரைசானிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச ஆளில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, நாற்காலியைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். “நாற்காலி” என்றேன். அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் போவேன். கதவு, தண்ணி, உப்பு, நாய், மழை, வா, போ, என்ன என்று ஒரு முப்பது சொல் அவள் வாயில் ஏறியது. அம்மா அவளுக்காகப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதைச் சுவரில் மாட்டிவிட்டாள் என்று நான் வந்து சொன்னதும் அம்மாவுக்கு ஒரே ஏமாற்றம்.

துரைசானிக்குத் தரைக்கடியில் கேட்கிற அந்தச் சத்தம் ஆகவில்லை. சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆவணி மாதத்தில் ஒருநாள் கல்வாயிலிருந்து ஒரு சாரைப்பாம்பு வந்து பின்வராந்தாவில் ஏறிவிட்டது. அன்றே துரை முடிவு செய்தார். கல்லோடையை இரண்டு வாயிலும் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துவிடுவது. தண்ணீரைத் தெற்குப் பக்கமாகச் சுற்றி ஒரு புது வாய்க்காலில் இறக்குவது. எந்த வழியாக வெட்டலாம் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். துரை அதைப் பார்த்துத் தோளில் தட்டினாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

தோட்டத்தின் ஓடைகளையெல்லாம் தூர்வாருவதற்கென்றே ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை ஓடைக்காரி என்போம். நாற்பது வயதிருக்கும், மெலிந்த, உயரமான பெண். முதல் துரை காலத்தில் அந்தக் கல்லோடையை வெட்டினவர் அவளுடைய தகப்பன். அடைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் வேலையை விட்டுவிட்டு நேரே பங்களாவுக்கு வந்துவிட்டாள். அப்படி யாரும் வருவதில்லை. முன்படிக்குக் கீழே நின்றாள். துரையும் துரைசானியும் வராந்தாவில் இருந்தார்கள். அப்பா பக்கத்தில் நின்றார். நான் துரைசானியின் நாற்காலிக்குப் பின்னால்.

“ரைட்டரய்யா, துரைகிட்டச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தாள். “இந்த ஓடையை அடைக்கக் கூடாது. மொதல்ல தெக்காலதான் வெட்டச் சொன்னாராம் அந்தத் துரை. எங்கப்பன் வெட்டித்தான் பாத்திருக்கு. கார்த்திகை மழையில, வழி வளையுத அந்தப் பாறை முடுக்குல தண்ணி திரும்பவே இல்ல. நேரா கீழ எறங்கிட்டு. அன்னைக்கு அங்கன வெறுங்காடு. இன்னைக்கு ரெண்டாம் லயம் இருக்கு. பச்சப்பிள்ளையள அங்கனதான போட்டுட்டுப் போறோம்? அடைக்கத்தான் செய்யணும்னா லயத்தை மாத்திட்டு அடைக்கச் சொல்லுங்க.”

கையை நீட்டி முடுக்கைக் காட்டினாள், சரிவைக் காட்டினாள், குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையையும் ஏந்திக் காட்டினாள். துரைசானி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மிஞ்சிப்போனால் நாலைந்து சொல் இருக்கும். துரை தலையசைத்தார். துரைசானி ஏதோ கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு சொல் சொன்னார். பிறகு ஓடைக்காரியிடம், “சொல்லியாச்சு. நீ போய் வேலையைப் பாரு” என்றார்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்.

“ஓடைக்காரி பங்களாவுக்கே வந்துட்டாளாமே?”

“ஆமா. லயத்தை மாத்திட்டு ஓடையை அடைக்கணுமாம். துரைக்கு உத்தரவு போட வந்துட்டா. அதைப் போய் அப்படியே சொன்னா அவளைத்தான் மலைய விட்டு எறக்குவாரு.”

“அப்பம் என்னதான் சொன்னிய?”

“உத்தரவுப்படி செய்யுதேன்னு சொல்லுதான்னு சொன்னேன். அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “ஓடையப் பத்தி அவளுக்குத் தெரியாததா?” என்றாள்.

“வழி போட்டுக் கொடுத்தது நானாக்கும்” என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புரட்டாசியில் கல்வாயை அடைத்தார்கள். அடைப்பதற்குச் சுண்ணாம்பு குழைத்ததும் ஓடைக்காரிதான், உத்தரவு. புது வாய்க்காலை வெட்டினவர்களிலும் அவள் இருந்தாள். ஐப்பசி மழை வந்தது. வாய்க்கால் அழகாகத் தண்ணீர் கொண்டுபோயிற்று. துரைசானி நிம்மதியாகச் சாப்பிட்டாள். கங்காணி ஓடைக்காரியைப் பார்க்கும்போதெல்லாம், “என்னட்டி, லயம் மெதக்குதா?” என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், வானம் கொஞ்சம் வெளிவாங்கினது மாதிரி தெரிந்ததால் ஆட்களை மலைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் தாழங்குடையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போயிருந்தேன். துரைசானியும் நானும் சாப்பாட்டு மேசையில். கரண்டி, தட்டு, சீனி. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில் நாங்கள் கத்திப் பேசவேண்டியிருந்தது.

வெளியே நடந்ததை நான் பிற்பாடுதான் அறிந்தேன். பாறை முடுக்கில் தண்ணீர் திரும்பாமல் கரையை அறுத்துக்கொண்டு சேறாக லயத்தை நோக்கி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஓடைக்காரி காலையிலிருந்தே வேலைக்குப் போகாமல் அந்த முடுக்கில்தான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கரை அறுந்ததும் லயத்தை நோக்கி ஒரு கூப்பாடு போட்டாள். “பிள்ளையளத் தூக்குங்க! ஏ, பிள்ளையளத் தூக்குங்க!” காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர்களெல்லாம் எழுந்து ஓடினார்கள். கிழவி ஒருத்தியால் ஏழு குழந்தைகளைத் தூக்கமுடியுமா? தண்ணீரைத் திருப்பாவிட்டால் நேரம் போதாது. ஓடைக்காரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்புறம் ஏறி, தான் குழைத்த சுண்ணாம்பையும் கல்லையும் குத்திப் பெயர்த்துவிட்டாள்.

ஓடை தன் பழைய வழியில் பாய்ந்தது. ஆனால் மறுவாய் அடைத்தல்லவா இருந்தது?

முதலில் காலுக்கடியில் ஒரு உறுமல். துரைசானி என்னைப் பார்த்தாள். மேசையிலிருந்த தட்டுகள் தாமே கிணுகிணுத்தன. பிறகு அறையின் நடுவில் ஒரு பலகைக்கல், பானை மூடி கொதியில் எழும்புவது மாதிரி, மெதுவாக ஒரு பக்கம் எழும்பியது. துரைசானி என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் போட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். அடுத்த மூச்சில் தரை வெடித்தது. சிவந்த தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. பீங்கான் அலமாரி ஒருபக்கம் சாய்ந்து அப்படியே விழுந்தது. துரைசானி, “தண்ணி, தண்ணி, தண்ணி” என்று நான் சொல்லிக்கொடுத்த சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்தோட்டத்துப் பக்கம் பீரங்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம், மறுவாயும் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் இறங்கிவிட்டது.

லயத்தில் கடைசி அறையின் பின்சுவர் கரைந்து விழுந்திருந்தது. தூளிகள் சேற்றில் கிடந்தன. குழந்தைகள் எல்லாரும் களத்துக் கொட்டகையில், முழுசாக. பங்களாவில் சாப்பாட்டு அறை போயிற்று. வடக்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. அப்பா ஓடிவந்து என்னைச் சேறோடு தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் வராந்தாவில் விசாரணை. ஓடைக்காரி அதே படிக்குக் கீழே நின்றாள். லயத்துப் பெண்கள் தள்ளி நின்றார்கள், சிலர் இடுப்பில் குழந்தையோடு.

“இவதான் கடப்பாரையால குத்துனவ. துரைசானியும் ரைட்டர் பிள்ளையும் உள்ள இருந்தாவ. செத்திருந்தா?” என்றார் கங்காணி.

துரை நெற்றிவரை சிவந்திருந்தார். அவளை மலையிலிருந்து இறக்கிப் போலீஸில் ஒப்படைக்கச் சொல்கிறார் என்பது அப்பா தமிழில் சொல்வதற்கு முன்பே எல்லாருக்கும் புரிந்தது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அப்பா அதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

“இப்படி ஆவும்னு தெரிஞ்சா ஏன் முன்னாலயே சொல்லலைன்னு கேக்காரு.”

ஓடைக்காரி துரையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“சொன்னேம்லா அய்யா. இதே எடத்துல நின்னுதான சொன்னேன்? நீங்க சொல்லியாச்சுன்னுதான சொன்னிய?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். அப்பா துரை பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மறுபடி நாலைந்து சொல்தான்.

துரைசானி அப்பாவை உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து என் தோளில் கைவைத்தாள். அவளிடம் இருந்த சொற்களைப் பொறுக்கி எடுத்துக் கேட்டாள்.

“நீ... சொல்லு. அவ... அன்னைக்கு... என்ன? தண்ணி... என்ன?”

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் தெரியும். துரைசானிக்குப் புரியும்படி சொல்லவும் தெரியும். தண்ணி, வரும், லயம், பிள்ளை. நாலு சொல் போதும். ஓடைக்காரி என்னைப் பார்த்தாள், கெஞ்சுகிற பார்வையில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது” என்றேன்.

துரைசானி கையை எடுத்துக்கொண்டாள். கங்காணி ஓடைக்காரியின் பக்கம் நகர்ந்தார். அப்போதுதான் அப்பா திரும்பினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துரைக்கு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தார். அவர் இங்கிலீஷில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் ஓடைக்காரி அன்று காட்டினது மாதிரியே முடுக்கைக் காட்டினார், சரிவைக் காட்டினார். கடைசியில் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார். அது முடிந்ததும் ஓடைக்காரியிடம், “நீ அன்னைக்குச் சொன்னதை நான் சொல்லலை. இப்பம் சொல்லிட்டேன்” என்றார்.

துரை படியிறங்கினார். ஓடைக்காரியை முன்னால் நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் முன்னால், துரை பின்னால், அப்பா அதற்கும் பின்னால், பாறை முடுக்குவரை போனார்கள். அங்கே நின்று அவள் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாளாம். அப்பா ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம்.

போலீஸ் பேச்சு அதன்பின் எழவில்லை. புது வாய்க்காலைத் தூர்த்தார்கள். இரண்டாம் லயத்தைப் பிரித்துக் களத்துக்கு வடக்கே கட்டினார்கள். கல்லோடையைத் திரும்ப மூடவில்லை. சாப்பாட்டு மேசையைத்தான் முன்கூடத்துக்கு மாற்றினார்கள். ஓடைக்காரிக்கு யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை. கங்காணி அவளைக் கேலி செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

துரை அப்பாவை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் தேவலை என்று அம்மா சொல்வாள். அதற்குப் பின் யார் என்ன சொன்னாலும், அப்பா மொழிபெயர்த்து முடித்ததோடு அது முடியாது. துரை, “அவ்வளவுதானா?” என்று கேட்பார். ஆட்கள், “அப்படியேதான சொன்னிய அய்யா?” என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். அப்பா இரண்டு மாதம் பார்த்தார். தை பிறந்ததும் தாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்பா செய்ததை இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஓடைக்காரிக்கு நல்லது என்று பாதி, துரை தட்டின தோள் என்று பாதி. துரைசானி அன்று கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் கிடைத்திருந்தால் அவள் கேட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். துரை கேட்டிருப்பாரா, தெரியாது. ஆனால் நானும் அதே வராந்தாவில் நின்று ஒரு சொல்லில் அதையேதான் செய்தேன். எனக்கு வயது ஒன்பது என்பதால் அதை யாரும் என்மேல் வைக்கவில்லை.

மலையிறங்கின அன்று சாமான்கள் ஆட்கள் தலையில் முன்னால் போய்விட்டன. அம்மா டோலியில். நானும் அப்பாவும் நடந்தோம். அட்டைக்காகக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தது. அது காய்ந்து இழுத்தது. பாதி வழி வந்ததும், இரண்டு மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அப்பா, நாந்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்லா? பொறவு ஏன் நீங்க சொன்னிய?”

அப்பா என் கையைப் பிடித்து ஒரு வளைவைத் தாண்டவிட்டார்.

“நீ அதைச் சொல்லிட்டு நிக்கும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன், தாயீ” என்றார். “அப்படியே என் மூஞ்சி மாதிரி இருந்துச்சு.”